சுதந்திர தினத்தில் மலையகப் பிள்ளைகளுக்கு எந்த 1948 ஐச் சொல்வது?

தலவாக்கலை ஆசிரியர்

எங்கள் பாடசாலையில் பெப்ரவரி 4 ஆம் திகதி கொடியேற்றியதும் மாணவர்களுக்கு உரை நிகழ்த்தும் பொறுப்பை இம்முறை அதிபர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். இந்த உரை வழக்கமாக எப்படி இருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பெயரைச் சொல்லி, 1948 இல் டி.எஸ். சேனநாயக்கவின் தலைமையில் நாடு சுதந்திரம் பெற்றது என்று கூறி, ஒற்றுமையாக வாழ்வோம் என்று முடித்துவிடலாம். ஆனால் என் முன்னால் வரிசையில் நிற்கப்போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் காம்பராக்களிலிருந்து வருபவர்கள். அவர்களுடைய பூட்டனும் பூட்டியும் அந்த ஆண்டில் எங்கே இருந்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி அந்த உரையில் ஒரு சொல்லும் இராது.

சுதந்திரம் பெப்ரவரியில் கிடைத்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தவராயினும் தன் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் இருந்தவர்கள் மூன்று தலைமுறைக்கு எங்கே போய்ச் சான்று தேடுவார்கள்? 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டபோது வாக்குரிமையும் போய்விட்டது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி, இந்தியத் தமிழர் எனக் கணக்கெடுக்கப்பட்ட இந்த மக்களின் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம்.

இதனால் நாம் கொடியே ஏற்றக் கூடாது என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கோபம் நியாயமானது, ஆனால் அவர்களுடைய முடிவை நான் ஏற்கவில்லை. அந்தக் கொடியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 இல் ஏற்றப்பட்ட சிங்கக் கொடி கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கனுடையது. கண்ணுசாமி என்ற இயற்பெயரைக் கொண்ட அந்த நாயக்கர் வமிசத்தவன் 1815 இல் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவனுடைய கொடியைப் பிற்காலத்தில் ஈ.டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டுபிடித்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்து மன்னனின் கொடி நாட்டின் விடுதலைக்கு அடையாளமாயிற்று. அதே திசையிலிருந்து வந்து காட்டை அழித்துத் தோட்டமாக்கியவனின் பேரன் அந்நியனாக்கப்பட்டான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். எவற்றைச் சேர்ப்பது, எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்பதில் உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பொகவந்தலாவை மூத்தவர்

தம்பி, நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் நீண்ட காலம் தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்தவன். அந்த உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நவம்பர் 15 ஐ மட்டும் சொன்னால், நம்மவர்கள் ஏதும் அறியாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ வந்து உரிமையைப் பறித்துக்கொண்டு போனார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அது உண்மையன்று. இந்த நாட்டின் அரசியலில் நம்மவர்கள் அதற்கு முன்பே காலூன்றியிருந்தார்கள். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சரானார். அதே ஆண்டில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாத காலம் அது; தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயத்துப் பக்கம் வர இயலாது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டாகப் பாடி அரசியலைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனார். மேடைப் பேச்சை மறந்தவர்களும் பாட்டை மறக்கவில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞரைப் பற்றியும் சொல்லுங்கள். மடுல்கலைப் பக்கத்தில் துரை வேலை பழக வந்தவர், தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு இடதுசாரிச் சமசமாஜக் கட்சியுடன் சேர்ந்துகொண்டார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தோட்டத் துரைமாருக்கு எதிராகவே பேசினார். அவரை நாடுகடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டபோது சிங்கள இடதுசாரித் தலைவர்கள் அவரை மறைத்து வைத்தார்கள். உயர் நீதிமன்றமோ அந்த உத்தரவு செல்லாது என்று தீர்த்தது. ஒரு வெள்ளைக்காரரும், சிங்களத் தலைவர்களும், தமிழ்த் தொழிலாளர்களும் ஒரே பக்கத்தில் நின்ற நிகழ்ச்சி அது. பொது வரலாறு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். ஆங்கிலேயர் ஆட்சியில், ஆங்கிலேயருடைய தோட்டத்தில், உரிமை கேட்டு உயிர்விட்ட ஒருவரைச் சுதந்திர தினத்தில் நினைக்காதது ஏன் என்று பிள்ளைகளே கேட்கட்டும். 1947 பொதுத் தேர்தலில் நம்மவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தில் நுவரெலியாவுக்கு சௌ. தொண்டமானும், தலவாக்கலைக்கு சி.வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டிக்குக் கு. இராஜலிங்கமும் உறுப்பினர்கள். பெப்ரவரி 4 ஆம் திகதி நாம் அந்தப் பாராளுமன்றத்துக்குள் இருந்தோம், தம்பி. அதன்பிறகுதான் வெளியே தள்ளப்பட்டோம்.

என் தகப்பனார் அந்தத் தேர்தலில் வாக்களித்தவர். 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். மணமானவர் 1946 ஜனவரி 1 க்கு முன் ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் துண்டு எனப்பட்ட பழைய தோட்டச் சீட்டு, செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப்பதிவேட்டில் பெயர் இருந்ததற்கான கடிதம், என் அக்காவின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் மடித்து மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு விசாரணைக்குப் போனார். இடையில் தாயார் நோயுற்றுக் கிடந்தபோது இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டார் என்பதால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அந்தத் துணி மூட்டை இன்றும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே. அவரைப் போல எத்தனை குடும்பங்களில் அப்படிப்பட்ட மூட்டை கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பேராதனை வாசகர்

நான் வடக்கிலே பிறந்து, தொழில் நிமித்தம் பேராதனையில் குடியிருப்பவன். மூத்தவர் எழுதியதற்கு மேல் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அது என் பக்கத்துக் கணக்கு என்பதால் நானே சொல்வதுதான் முறை.

குடியுரிமைப் பறிப்பைச் சிங்களத் தலைவர்களின் செயல் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது பாதி வரலாறாகிவிடும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 இன் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் அரசாங்கத்தில் அமைச்சராகிய பின் 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்துக்கு ஆதரவளித்தார். இக்காரணத்தால் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவரைவிட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத்தாருக்கு அநீதி செய்தார்கள், நாளை மொழிப் பிரச்சினை வரும்போது நமக்கும் அதுவே நேரும் என்று அவர் எச்சரித்தது எட்டே ஆண்டுகளில், 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு, மெய்யாயிற்று. இன்னும் பின்னே போனால், 1915 சிங்கள முஸ்லிம் கலவரத்தின்பின் சிறையிலிருந்த சிங்களத் தலைவர்களுக்காக இலண்டன்வரை சென்று வாதாடிய அதே பொன்னம்பலம் இராமநாதன்தான் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர். ஏழைத் தமிழனுக்கு வாக்கு வேண்டும் என்று நம் மேல்தட்டினர் எல்லோரும் விரும்பவில்லை.

இடதுசாரிகளையும் முழுக்கப் புகழ முடியாது. 1948 இல் அவர்கள் உறுதியாக எதிர்த்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கே விழுந்தன; அந்த வாக்கைப் பறித்ததில் இனப் பகையோடு வர்க்க அச்சமும் கலந்திருந்தது என்பது என் துணிபு. ஆனால் 1964 ஒக்டோபரில், இந்த மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தில் அங்கம் வகித்தது.

மடுல்சீமை மகள்

சேர், உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு இருக்கிறது. நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படித்து இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறேன். சிறு வயதில் எங்களுக்கு நம்மவர் வரலாறு சொல்லப்பட்ட சில சமயங்களில் அது கண்ணீராகவே சொல்லப்பட்டது. இந்தியாவிலிருந்து நடந்து வந்த வழியில் மன்னார்க் காட்டில் மடிந்தார்கள், அட்டைக் கடியில் வதைந்தார்கள், உரிமை இழந்தார்கள், கப்பலேறினார்கள். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு நாம் எப்போதும் மற்றவர் கையால் அடிபடுகிறவர்கள் என்ற எண்ணமே மிஞ்சியது. வெயிலில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் அதையே தரப்போகிறீர்களா?

மூத்தவர் ஐயா சொன்ன வரிசையில் மீனாட்சியம்மாளைத் தவிர எல்லோரும் ஆண்களே. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்கள் பெண்கள். ஒரே மலையில் ஒரே நாள் நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 இல்தான் வந்தது. சுதந்திரம் கிடைத்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எங்கள் அம்மா வீதியில் உட்கார்ந்த காலத்தில் நான் பாடசாலை மாணவி. அது கிடைத்தது 2021 இல், அதற்குள் அந்த ஆயிரத்துக்கு வாங்கக்கூடியது குறைந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஒபிசில் கிடந்து, நாள் கடந்தபின் கைக்கு வந்தது. பிரஜாவுரிமை 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் திரும்பக் கிடைத்துவிட்டது என்று பாடப்புத்தகம் முடித்துக்கொள்ளலாம். ஒரு கதவிலக்கமும் நாலு அடி நிலமும் இல்லாத பிரஜைக்கு எதைக் கொண்டாடச் சொல்வது?

வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 இல் நம்மவர்கள் இங்கு வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதைச் சொல்லுங்கள். மூதாதையர் நடந்த பாதையில் அவர்களுடைய வாரிசுகள் உரிமை கேட்டு நடந்தார்கள். வழியில் எல்லாச் சமூகத்தவரும் வரவேற்றார்கள். பிள்ளைகள் தங்களை அடையாளம் காண வேண்டியது அங்கேதான்.

கம்பளை வாசகி

தங்கை எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. நான் கம்பளையில் பிறந்த முஸ்லிம் பெண். எங்கள் வாப்பா பல்லாண்டுகள் தோட்டத்துச் சனங்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர். சம்பள நாளில் கடைக்குள் கேட்ட தமிழையும், சந்தை நாளில் கேட்ட சிங்களத்தையும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், இந்த விவாதத்தில் இதுவரை யாரும் தொடாத கண்டிக் கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டிச் சிங்களக் கிராமத்தவர்களும் இழந்தவர்களே. 1840 இன் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடு, காடு வெட்டிப் பயிரிடும் சேனை, தரிசு எல்லாவற்றையும் அரசின் சொத்தாகக் கருதிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த குடியானவனிடம் உறுதி எங்கிருந்து வரும்? மாடு மேய்த்த காடு கோப்பித் தோட்டமாயிற்று. இதற்கும் புதிய வரிகளுக்கும் எதிராக 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவை ஆங்கிலேயர் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். காணி உறுதி இல்லாததால் கிராமத்தவன் நிலத்தை இழந்தான்; பிறப்புச் சான்று இல்லாததால், நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், தோட்டத்தவன் நாட்டை இழந்தான். காகிதம் இல்லாத ஏழையிடம் காகிதம் கேட்டு உரிமையைப் பறிக்கும் வித்தை இரண்டிலும் ஒன்றே என்பது என் எண்ணம்.

அந்தக் கிராமத்தவனின் மனக்குறை கற்பனையன்று. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951 இல் அறிக்கை தந்ததும் அதனால்தான். ஆனால் அவன் கோபம் காணியைப் பறித்தவனை எட்டவில்லை. துரையின் பங்களா உயரத்தில் இருந்தது; கண்ணெதிரே தெரிந்தது லயம். அந்தக் கோபத்தை அரசியல்வாதிகள் வாக்காக்கினார்கள். எங்கள் வாப்பாவின் கடன் கொப்பியில் கிராமத்துப் பெயர்களும் தோட்டத்துப் பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன. மாதக் கடைசியில் இரு தரப்பாரும் ஒரே சங்கடத்தோடு அரை இறாத்தல் சீனியைக் கால் இறாத்தலாக்கிக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பக்கத்துச் சிங்களக் கிராமத்தை அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

கோத்தகிரி

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன்; இந்த இழையில் எனக்கு இடமுண்டா என்று தயங்கியே எழுதுகிறேன். என் தாத்தா கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று இரு பிரதமர்கள் பங்கிட்டார்கள். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரத்தை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாக எடுத்துக்கொண்டன. எங்கள் குடும்பத்தில் தாத்தா இந்தியா என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி இலங்கை என்று எழுதிக் கொடுத்தார். ஹட்டன் ஸ்டேசனில், இந்தியா போகிறவர்களை ஏற்றிய, ஒப்பாரிக் கோச்சி எனப்பட்ட அந்த ரயில் நகரும்போது தம்பி பிளாட்பாரத்தில் கூடவே ஓடினாராம். தாத்தா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

இங்கே தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அதே கொழுந்து, அதே கவ்வாத்து, அதே குளிர். எங்களுக்குச் சுதந்திர தினம் ஆகஸ்ட் 15. அன்றைக்கு நாங்கள் கொடியேற்றி மிட்டாய் தின்று வளர்ந்தவர்கள். ஆனாலும் அக்கம்பக்கத்தார் எங்களை இன்றைக்கும் சிலோன்காரர் என்றே அழைக்கிறார்கள். மூத்தவர் ஐயாவின் தலைமுறைக்கு அங்கே இந்தியாக்காரர் என்ற பெயர் இருந்திருக்கும். தாத்தாவுக்கு வாழ்நாளில் ஒருபோதும் இருக்கும் ஊரின் பெயர் ஒட்டவில்லை. ஆசிரியர் அவர்களே, உங்கள் உரையில் போனவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்ப்பீர்களானால், அந்த மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளில் யாரோ ஒருவர் என் தாத்தாவின் தம்பியுடைய பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

தலவாக்கலை ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரி நண்பரே, உங்களுக்கு இங்கே இடமுண்டா என்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. போனவர்களைப் பற்றிய பகுதி நிச்சயம் இடம்பெறும்.

மடுல்சீமைத் தங்கையின் மறுப்பு உரையின் அமைப்பையே மாற்றிவிட்டது. சட்டத்திலிருந்து தொடங்காமல் முதற் பாராளுமன்றத்திலிருந்து தொடங்கப்போகிறேன். பெப்ரவரி 4 இல் நம்மவர்கள் இந்த நாட்டின் வாக்காளர்களாகவும் மக்கள் பிரதிநிதிகளாகவும் இருந்தார்கள்; தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றும் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதியை ஈட்டிய காலத்தில், அந்தத் தேயிலையைத் தந்தவர்கள் அவர்களே. ஆகவே இந்த நாளுக்கு நாம் விருந்தினர் அல்லர், பங்காளிகள். பங்காளியின் பங்கை எப்படி எடுத்தார்கள், அதை மீட்க அவன் என்ன செய்தான், இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்ற வரிசையில் உரை போகும். பிரஜாவுரிமைப் பறிப்பை எதிர்த்த 1952 சத்தியாக்கிரகமும், 1977 மே மாதம் டெவன் தோட்டக் காணியைக் காக்கப் போய்ச் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனும் மீட்ட பகுதியில் வருவார்கள். முகவரி இல்லாத வீடு மிச்சமிருக்கும் பகுதியில் வரும்.

சிறிய வகுப்புகளுக்கு இவ்வளவும் வேண்டாம். அவர்களுக்குப் பிறேஸ்கேடில் கதையும், மீனாட்சியம்மாளின் பாட்டும், கம்பளை வாசகி சொன்ன கடன் கொப்பியும் போதும்.

தேசிய கீதத்தைப் பற்றியும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் அதைத் தமிழில் பாடுகிறார்கள், புலவர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்த வரிகள் அவர்களுக்கு மனப்பாடம். 2016 இல் கொழும்புத் தேசிய விழாவில் அது தமிழில் ஒலித்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் சிலர் எழுந்து நின்றதைக் கண்டேன். 2020 இல் அது விடப்பட்டபோது அதே அறையில் நிலவிய மனநிலையையும் கண்டேன். மேடையில் யார் எந்த மொழியில் பாடினாலும் பாடாவிட்டாலும் எங்கள் மைதானத்தில் அது தமிழில் முழுதாகப் பாடப்படும். அதைப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பாட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு பாடுபடுகிறேன்.

மூத்தவர் ஐயா, ஒரு வேண்டுகோள். உங்கள் தகப்பனாரின் அந்தத் துணி மூட்டையை உயர்தர வரலாற்று மாணவர்கள் பார்க்க ஏற்பாடு செய்ய இயலுமா?

பொகவந்தலாவை மூத்தவர்

தாராளமாக, தம்பி. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்; தபாலில் விட மனம் வராது. துண்டின் ஓரம் பொடிந்துபோயிருக்கிறது, ஆகவே பிள்ளைகள் கையில் எடுக்காமல் மேசையில் வைத்துப் பார்க்கட்டும். செக்ரோல், துண்டு என்றால் என்ன, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் போடுவது எப்படி என்பதெல்லாம் இப்போதுள்ள பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதை விளக்க எனக்கு ஒரு பாடவேளை ஒதுக்கித் தாருங்கள்.

கம்பளை வாசகி

ஆசிரியர் அவர்களே, உரை எழுதி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். நான் சிங்களத்தில் எழுதித் தருகிறேன். எங்கள் ஊர்ச் சிங்களப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் தோழி ஒருவர் இருக்கிறார். முல்லோயாவைப் பற்றியும் நாவலப்பிட்டிக் கூட்டத்தைப் பற்றியும் தன் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டார். சட்ட இலக்கங்களையும் ஆண்டுகளையும் அவரே ஒருமுறை சரிபார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாத இறுதிக்குள் கிடைத்தால் 4 ஆம் திகதிக்கு முன் அவர் கையில் சேர்த்துவிடலாம்.